துருவமானின் பாலும் தாயின் மூலதனமும்

ஒரு சங்கம் தன் அங்கத்தினர்களுக்குப் பங்காதாயம் வழங்குமாயின், கணக்கைத் தணிக்கை செய்வோர் முதலாவதாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு. வழங்கிய தொகை அவ்வாண்டில் ஈட்டிய லாபத்திலிருந்து எடுக்கப்பட்டதா, அன்றி மூலதனத்தையே கரைத்து எடுக்கப்பட்டதா என்பதே அவ்வினா. தொகை பெரிதா சிறிதா என்பது அதன் பின்னரே ஆராயத்தக்கது.

பிராணிநூல் அறிஞர்களும் தாய்ப்பாலைக் குறித்து இதே வினாவை, ஏறத்தாழ இதே சொற்களைக் கொண்டே கேட்கின்றனர். முன்னரே தன் உடலில் சேமித்து வைத்த கொழுப்பையும் தசையையும் கரைத்துக் குட்டியை வளர்க்கும் பிராணிகளை 'மூலதனத்தால் வளர்ப்பவை' என்றும், அன்றன்று உண்ட இரையைக் கொண்டே பால் சுரப்பவற்றை 'வருமானத்தால் வளர்ப்பவை' என்றும் அவர்கள் வகுத்திருக்கின்றனர். பசுவையும் எருமையையும் மட்டும் அறிந்த நமக்கு இப்பாகுபாடு எளிதில் புலப்படாது. தொழுவத்திற்குத் தீவனம் போய்க்கொண்டே இருக்கிறது. பாலும் வந்துகொண்டே இருக்கிறது. பனி சூழ்ந்த வடதிசையில் வாழும் துருவமானைக் கொண்டு நோக்கினால் விஷயம் நன்கு விளங்கும். ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் ரெயின்டீர் என வழங்கும் துருவமான் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா ஆகிய நாடுகளின் வடபகுதிகளிலும், மங்கோலியாவின் வட எல்லையிலும் மந்தை மந்தையாக வளர்க்கப்படுகிறது. வட அமெரிக்காவில் காட்டில் திரியும் இதே இனத்திற்குக் காரிபூ என்று பெயர். மான் சாதியில் ஆண், பெண் இரண்டிற்கும் கொம்பு உண்டாவது இவ்வினத்தில் மட்டுமே. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதனைத் தொன்றுதொட்டு வளர்த்து வருபவர் சாமி என்னும் மக்கள். நம் வழக்கிலுள்ள 'சாமி' என்ற சொல்லுக்கும் அப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனிப் பாலைப் பார்ப்போம். பசும்பாலில் நூறு பங்கிற்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். கொழுப்பு 4, புரதம் 3.3, பாலுக்கே உரிய லாக்டோஸ் என்னும் சர்க்கரை 4.7. எருமைப்பாலில் கொழுப்பு 7-க்கு மேலும் ஏறும். துருவமானின் பாலிலோ நீர் ஏறத்தாழ 70 பங்குதான். கொழுப்பு சராசரியாக 15 முதல் 16 வரையும், புரதம் 10 அளவிலும் இருக்க, சர்க்கரை மட்டும் 2.5 அளவிற்குத் தாழ்ந்து நிற்கிறது. பார்ப்பதற்குப் பால் என்பதைவிடப் பாலாடை என்றே சொல்லத் தோன்றும்.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் அங்கத்தினர் ஒருவர் இந்த எண்களைக் கண்டால், இத்தகைய மான் நான்கு இருந்தால் போதுமே என்று எண்ணக்கூடும். கொழுப்பின் சதவிகிதத்தைப் பார்த்து விலை பேசிப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் சதவிகிதம் வேறு, மொத்தம் வேறு. கன்று ஈன்று மூன்று வாரம் சென்ற பின், பால் மிகுந்து சுரக்கும் காலத்தில், துருவமான் நாளொன்றுக்குத் தருவது ஏறத்தாழ ஒரு கிலோ. ஓர் ஈற்றில், 24 முதல் 26 வார காலத்தில், மொத்தம் நூறு கிலோ சேர்ந்தால் அதுவே நல்ல கணக்கு. நூலின் நம்பர் ஏறுந்தோறும் இழை மெலிகிறது என்பதை நெசவாளர் அறிவர். ஏறிய எண்ணைக் கண்டு நூல் மிகுதி என்று அவர்கள் கொள்வதில்லை. பாலின் எண்ணையும் அவ்வாறே படிக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 கிலோ எடையுள்ள பசு ஒன்று நாளொன்றுக்கு 10 கிலோ பால் கறப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் வெளிவரும் கொழுப்பு 400 கிராம். 75 கிலோ எடையுள்ள துருவமான் ஒரு கிலோ பாலில் 155 கிராம் கொழுப்பை வெளியேற்றுகிறது. பார்வைக்குப் பசுவே மேல். ஆனால் தாயின் உடல் எடையில் ஒரு கிலோவிற்கு இவ்வளவு என்று வகுத்தால், பசு ஒரு கிராமும் துருவமான் இரண்டு கிராமும் கொடுக்கின்றன. பாலிலுள்ள மொத்தச் சக்தியைக் கணக்கிட்டால், துருவமானின் ஒரு கிலோ பால் ஏறத்தாழ 1,900 கிலோ கலோரி. பசுவின் ஒரு கிலோ பால் 680. அதாவது அந்த ஒரு கிலோ, பசும்பால் இரண்டே முக்கால் கிலோவிற்கு ஈடு. ஒரே பாலைச் சதவிகிதத்தில் பார்த்தால் ஒரு முடிவு, மொத்தத்தில் பார்த்தால் வேறொரு முடிவு, கொடுப்பவரின் சக்தியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மற்றுமொரு முடிவு. மூன்றும் மெய்யே. எந்த முடிவு எந்தக் காரியத்திற்கு வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

பாலின் செறிவு ஏன் இவ்வாறு மாறுகிறது? இதற்குத் திறவுகோல் கொழுப்பில் இல்லை. பலரும் கவனியாத சர்க்கரையில் இருக்கிறது. மாங்காய்த் துண்டங்களில் உப்பைத் தூவி வைத்தால் நீர் விட்டுக்கொள்வதைக் காண்கிறோம். உப்பு நீரைத் தன்பால் ஈர்க்கிறது. மடியினுள் பால் ஊறும் நுண்ணறைகளில் லாக்டோஸ் இதே வேலையைச் செய்கிறது. சர்க்கரை எவ்வளவு உண்டாகிறதோ அவ்வளவிற்கு இரத்தத்திலிருந்து நீர் பாலினுள் வந்து சேருகிறது. சர்க்கரை மிகுந்தால் பால் அளவில் பெருகி நீர்த்துப் போகும். குறைந்தால் அளவில் சுருங்கிக் கெட்டிப்படும். இந்தச் சர்க்கரையை உண்டாக்குவதற்கு இன்றியமையாத புரதம் ஒன்று உண்டு. 1990-களில் அப்புரதம் உண்டாகாதபடி எலிகளில் மாற்றம் செய்து பார்த்தனர். அவற்றின் பால் குட்டிகள் உறிஞ்ச இயலாத அளவிற்குப் பிசுபிசுவென இறுகிவிட்டது. மடியில் பால் இருந்தும் குட்டிகள் வாடின.

ஆக, நீரைச் சேர்ப்பதா விடுப்பதா என்பது தாய்க்கு ஒரு செலவு விஷயம். வெப்ப நாட்டில் தாயுடன் நடந்து திரியும் கன்றுக்குத் தாகம் தீரவேண்டும். நீர்த்த பால் அதற்கு ஏற்றது. ஆப்பிரிக்கக் கருங்காண்டாமிருகத்தின் பாலில் 91 பங்கு நீர்; கொழுப்பு நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. எனினும் அதன் கன்று கொழுத்தே வளருகிறது. ஓராண்டிற்கு மேலாகவும் தாயிடம் குடிக்கிறது. இது முற்றிலும் வருமானத்தால் நடக்கும் குடும்பம்.

இதற்கு நேர்மாறானது வட அட்லாண்டிக்கின் மிதக்கும் பனிப்பாளங்களில் ஈனும் ஹூடட் சீல் என்னும் கடல்நாய். பனிப்பாளம் எந்நாளும் உடைந்து போகலாம். ஆதலால் அத்தாய் குட்டிக்குப் பால் கொடுப்பது நான்கே நாள். பாலூட்டிகள் அனைத்திலும் மிகக் குறுகிய காலம் இதுவே. பாலில் கொழுப்பு ஏறத்தாழ 60 பங்கு. 22 கிலோவாகப் பிறந்த குட்டி நான்காம் நாள் 45 கிலோவாகி நிற்கிறது. அந்த நான்கு நாளும் தாய் இரை தேடிச் செல்வதில்லை, கொடுத்ததெல்லாம் சேமிப்பு. பனிக்கரடியும் இவ்வகையைச் சேர்ந்ததே. பனிக்குகையில் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்தபடியே ஈன்று, 30 பங்கிற்கு மேல் கொழுப்புள்ள பாலைத் தன் உடற்கொழுப்பிலிருந்து தருகிறது.

கடற்சிங்கங்களின் நிலை வேறு. குட்டியைக் கரையில் விட்டுவிட்டுத் தாய் பல நாள் கடலுக்குள் மீன் பிடிக்கப் போகும். கறக்காமல் விட்ட பசுவின் மடி சில நாட்களில் வற்றத் தொடங்குமே, இத்தாயின் மடி வற்றுவதில்லை. கலிபோர்னியக் கடற்சிங்கத்தின் பாலில் லாக்டோஸ் அறவே இல்லை என்பது கண்டறியப்பட்டுள்ளது. மேலே சொன்ன புரதம் அக்குலத்தில் செயலற்றுப் போனதே மடி வற்றாதிருப்பதற்கும் ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். கங்காரு இனத்தில் வியப்பு இன்னும் பெரிது. புதிதாய்ப் பிறந்த விரலளவுக் குஞ்சிற்கு ஒரு காம்பில் நீர்த்த பாலும், பையை விட்டு வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டிக்கு அடுத்த காம்பில் கொழுப்பு மிகுந்த பாலும் ஒரே காலத்தில் சுரக்கின்றன. ஒரே இரத்தம் பாய்ந்தும், ஒவ்வொரு காம்பும் தன் கணக்கைத் தனியே வைத்துக்கொள்கிறது.

துருவமான் இவ்விரு கோடிகளுக்கும் இடையே நிற்கிறது. அதன் ஆண்டுக் கணக்கைப் படித்தால்தான் அதன் பாலின் மதிப்பு விளங்கும்.

செப்டம்பர், அக்டோபரில் சினைப்பட்டு, ஏழு மாதத்திற்குச் சற்று அதிகமாகச் சுமந்து, மே மாதத்தை ஒட்டி ஈனுகிறது. சினைக்காலம் முழுவதும் குளிர்காலம். அப்போது கிடைக்கும் முக்கிய உணவு, பனியைக் குளம்பால் கிளறி எடுக்கும் லைக்கன். இது நம் சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்தது. அதில் மாவுச்சத்து போன்ற பொருள் உண்டு. புரதம் மிகச் சொற்பம். ஆகவே வயிற்றிலுள்ள கன்றின் உடலைக் கட்டுவதற்கு வேண்டிய புரதத்தில் கணிசமான பங்கைத் தாய் தன் தசையிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. கன்று பிறக்கும்போது பல இடங்களில் பனி முற்றும் உருகியிராது. புல்லும் தளிரும் தலைகாட்டியிராது. பால் மட்டும் உடனே வேண்டும். முதல் சில வாரங்களின் பால், பெரும்பாலும் போன கோடையின் சேமிப்பு.

ஜூன் மாதத்தில் தளிர் விட்டதும் கணக்கு மாறுகிறது. இரவே இல்லாத அக்கோடையில் இளந்தழையைத் தாய் ஓயாமல் மேய்கிறது, வருமானம் பெருகுகிறது. நான்கு முதல் ஆறு கிலோவாகப் பிறந்த கன்று நாளொன்றுக்கு 300 முதல் 400 கிராம் வரை ஏறி, இலையுதிர் காலத்தில் 40 கிலோவைத் தாண்டுகிறது. இதற்கிடையே ஜூலை, ஆகஸ்டில் கொசுக்களும், தோலினடியிலும் மூக்கிலும் புழுவைப் புகுத்தும் ஈக்களும் மந்தையைத் துரத்துகின்றன. மேய்ச்சலை விட்டுவிட்டு, காற்று வீசும் மேட்டிற்கோ எஞ்சிய பனித்திட்டிற்கோ மான்கள் ஓடி நிற்கும். அவ்வாறு நின்ற நேரமெல்லாம் வருமான இழப்பு.

கோடை முதிர முதிரப் பாலின் அளவு குறைகிறது, சர்க்கரை இறங்குகிறது, கொழுப்பும் புரதமும் ஏறுகின்றன. கடைசிக் காலத்தில் கொழுப்பு 20 பங்கையும் எட்டுவதுண்டு. சதவிகிதத்தை மட்டும் பார்ப்பவர் அதுவே மிகச் சிறந்த பால் என்பார். கன்றோ அதற்குள் தானே மேயக் கற்றிருக்கும். அதற்குக் கிடைப்பது சில வாய்தான்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் தாயின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. அலாஸ்காவிற்கும் கனடாவிற்கும் இடையே திரியும் போர்க்குப்பைன் என்னும் காரிபூ மந்தையில் இது விரிவாக ஆராயப்பட்டது. மிகவும் மெலிந்த தாய் கன்றை முன்னதாகவே மறக்கடித்துவிடுகிறது. அதனால் கன்றுக்கு ஆபத்து, தாய் தப்பிக்கிறது. நவம்பர் வரையும் பால் சுரந்துகொண்டிருந்த தாய்களிலோ, அவ்வாண்டு சினைப்பட்டவை குறைவாயிருந்தன. இந்தக் கன்றுக்கு அதிகம் கொடுத்தால் அடுத்த கன்று இல்லை. கோடையில் சேமநிதி போதிய அளவு சேர்ந்த தாய்க்கு மட்டுமே இரண்டும் கைகூடுகின்றன.

அச்சேமநிதியும் சில நாட்களில் பயனற்றுப் போகக்கூடும். குளிர்காலத்தில் மழை பெய்து, அது பனியின் மீது கண்ணாடிபோல் உறைந்துவிட்டால் கீழே உள்ள தீனியை மான் எடுக்க இயலாது. ருஷ்யாவின் வடக்கே யமால் தீபகற்பத்தில் 2013-ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வாறு மழை பெய்து உறைந்ததன் விளைவாக 61,000 துருவமான்கள் பட்டினியால் மடிந்தன. முன்னதாக 2006-ஆம் ஆண்டிலும் அங்கே இத்தகைய உறைவால் ஏறத்தாழ 20,000 மாண்டன. மந்தையை இழந்த குடும்பங்கள் மீன் பிடித்து வயிறு வளர்க்க நேர்ந்தது.

இந்தப் பாலில் மனிதன் எவ்வளவு பங்கு கேட்கலாம்? பண்டைக் காலத்தில் சாமி மக்கள் கோடையில் தாய்மான்களைக் கறந்து வந்தனர். ஒருவர் மானைப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் கறப்பார். ஒரு கறவைக்குக் கிடைப்பது ஒரு சிறு குவளை அளவே. கன்று குடித்துவிடாதபடி அதன் வாயில் குறுக்காக ஒரு மரக்குச்சியைக் கட்டுவதும் உண்டு. அப்பாலைப் பாலடைக்கட்டியாக்கிக் குளிர்காலத்திற்கு வைத்துக்கொண்டனர். உலர்ந்த மான் இரைப்பையில் ஊற்றி உறையவிட்டும் சேமித்தனர். பாலடைக்கட்டித் துண்டுகளைக் காப்பியில் இட்டு உண்ணும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் இருக்கிறது. (காப்பியில் பாலைக் கலப்பதை மட்டும் அறிந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.) இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கறவை பெரும்பாலும் மறைந்துவிட்டது. மந்தைகள் பெருகி, பரந்த வெளியில் தாமே மேயவிடப்பட்டன. இறைச்சிக்குச் சந்தை ஏற்பட்டது. பசு, ஆட்டுப் பால் பொருள்கள் எளிதில் கிடைத்தன. குவளைப் பாலை எடுப்பதைவிட, அதைக் கன்றே குடித்து எடை ஏறுவதில் ஆதாயம் அதிகம் என்று கண்டுகொண்டனர். கணக்கறிந்தோர் செய்த முடிவு என்றே இதனைச் சொல்ல வேண்டும். வட மங்கோலியாவில் வாழும் தூகா மக்களோ, மானை இறைச்சிக்காக அரிதாகவே கொன்று, சவாரிக்கும் பாலுக்குமே வைத்திருப்பவர்கள். அவர்கள் இன்றும் கறந்து, உப்பிட்ட தேநீரில் அப்பாலைக் கலந்து குடிக்கின்றனர். அவரவர் தொழிலுக்கு ஏற்ற கணக்கு அது.

பின்லாந்தில் இத்தொழில் நடைபெறும் முறை கூட்டுறவாளர்களாகிய நாம் அறியத்தக்கது. அங்கே மான் வளர்ப்போர் வட்டாரம் வட்டாரமாகச் சங்கம் அமைக்க வேண்டும் என 1898-ஆம் ஆண்டில் அரசு ஆணை பிறப்பித்தது. பலிஸ்குந்தா என்று பெயர் கொண்ட அச்சங்கங்கள் இன்று 54 உள்ளன. மான் தனித்தனி அங்கத்தினருக்குச் சொந்தம். மேய்ச்சல் நிலமும் வேலியும் காவலும் கணக்கெடுப்பும் பொது. பொதுச் செலவிற்காகத் தலைக்கு இவ்வளவு என்று, கணக்கில் உள்ள மான்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் செலுத்துகின்றனர். ஒவ்வொருவருக்கும் பதிவு செய்யப்பட்ட காதுவெட்டு அடையாளம் ஒன்று உண்டு.

பலருடைய மான்கள் ஒன்றாய்க் கலந்து திரியும் மந்தையில், புதிதாய்ப் பிறந்த கன்று யாருடையது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? இங்கேதான் பால் சாட்சியாக வருகிறது. கோடையின் நடுவில் மந்தையை வேலிக்குள் ஓட்டிக் கொணர்ந்து, கன்றுகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எண் பலகையை மாட்டி விட்டுவிடுகின்றனர். சிறிது நேரத்தில் ஆரவாரம் அடங்கும். பிரிந்த கன்று தாயைத் தேடிச் சென்று ஒட்டிக்கொண்டு குடிக்கும். உடைமையாளர்கள் ஓரமாய் நின்று, எந்த எண்ணுடைய கன்று எந்தக் காதடையாளமுள்ள தாயைப் பின்தொடருகிறது என்று குறித்துக்கொள்கின்றனர். பின்னர்க் கன்றை மீண்டும் பிடித்துத் தாயின் அடையாளத்தையே அதன் காதிலும் வெட்டுகின்றனர். பால் மறந்த பின் இந்த அத்தாட்சி கிடையாது. ஆகவே இவ்வேலையைத் தள்ளிப் போடுவதற்கில்லை.

இலையுதிர் காலத்தில் இறைச்சிக்கு அனுப்பப்படுவனவற்றில் பெரும்பாலானவை அவ்வாண்டுக் கன்றுகளே. தாய்களுள் வலியவற்றை அடுத்த ஈற்றிற்கு நிறுத்திக்கொள்கின்றனர். அண்மைக் காலத்தில் பல சங்கங்களில் குளிர்கால முடிவில் வைக்கோலும் பதப்படுத்திய புல்லும் அழுத்திய தீவன வில்லைகளும் வாங்கிப் போடுகின்றனர். செலவு பெரிதுதான். ஆயினும் லைக்கன் மேய்ச்சல் குறைந்துவரும் இடங்களிலும், பனி உறைந்துவிடும் ஆண்டுகளிலும், ஈனும் தறுவாயில் உள்ள தாயின் உடலில் ஏதேனும் மிச்சம் இருக்கச் செய்வதற்கு இவ்வழியே உளது. இச்செலவும் கன்று விற்ற வரவும் சேர்ந்து அவர்களுடைய கணக்காண்டு மே 31-ஆம் தேதி முடிகிறது. ஜூன் முதல் தேதி புதுக் கணக்குத் தொடங்கும்போது, அவ்வாண்டுக் கன்றுகளில் பெரும்பாலானவை பிறந்து பால் குடித்துக்கொண்டிருக்கும்.